மூன்று விரல் நுழையாத வாய்

எங்கள் வீட்டில் புகையிலை வாசம் அடித்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முக்கூடல் பக்கத்தில் ஒரு கிராமம். அம்மா பீடி சுத்துகிறவள். விடியற்காலையிலேயே இலையை நனைத்து வைத்துவிடுவாள். சோறு பொங்கி இறக்கிவிட்டுச் சொளவை மடியில் வைத்து உட்கார்ந்தால், சாயங்காலம் பீடிக்கடைக்குக் கட்டு கொண்டுபோகிற நேரம் வரைக்கும் விரல் நிற்காது. திண்ணையில் தூள், அடுக்களை வாசலில் தூள், நான் படுக்கிற பாயிலும் தூள். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவன், "ஒன் சட்டைய மோந்தாலே தும்மல் வருதுலே" என்பான்.

பதினாறு வயதில் நான் கன்னத்துக்குள் புகையிலையை ஒதுக்க ஆரம்பித்தபோது அந்த வீட்டில் ஒரு மூக்குக்கும் அது தெரியாமல் போனதற்குக் காரணம் இதுதான். நான் ஒன்றும் பெரிய கெட்டிக்காரத்தனமாக மறைக்கவில்லை. மறைக்க அவசியமே வரவில்லை.

2011, ப்ளஸ் ஒன். ஊரில் கபடி டீம் உண்டு. கோயில் கொடைக்கு ராத்திரி மேட்ச் நடத்துவார்கள். டீமில் மூத்தவர் ஒருவர் உட்கார்ந்த இடத்திலேயே பொட்டலத்தைக் கிழித்து உள்ளங்கையில் கொட்டுவார். சுண்ணாம்பை நகத்தால் தொட்டு வைத்து, கட்டைவிரலால் அரை நிமிஷம் தேய்ப்பார். மறுகையால் ரெண்டு தட்டு தட்டி, கிளம்புகிற தூசியை ஊதிவிட்டு, மிச்சத்தை ஒரு சிட்டிகையாகக் கீழுதட்டுக்குள் வைப்பார். அந்தத் தேய்ப்பிலும் தட்டலிலும் இருந்த ஒரு தோரணைதான் என்னை இழுத்தது என்று இப்போது தோன்றுகிறது.

"வச்சுப் பாருலே. பாடிப் போறப்ப மூச்சு நிக்கும்."

வைத்தேன். விக்கல் வந்தது. நெற்றியில் குளிர்ந்த வேர்வை. தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மைதானத்து ஓரத்து உடைமரத்தடியில் போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். "மொத நாளு அப்படித்தான்லே, மூணாவது நாளு பாரு" என்றார் அவர். அதில் மட்டும் அவர் பொய் சொல்லவில்லை. மூன்றாவது நாள் வாந்தி வரவில்லை. தலைக்குள் ஜிவ்வென்று ஒரு காற்று ஓடியது. மூச்சு நிற்கும் என்றது சுத்தப் பொய். நிகோடின் இதயத் துடிப்பைக் கூட்டும், ரத்தக் குழாயைச் சுருக்கும். ரெய்டு போகிறவனுக்கு அது பாரம்தான்.

சுண்ணாம்பு எதற்கென்று எட்டு வருஷம் கழித்து ஒரு டாக்டர்தான் சொன்னார். அது மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான காரம். காரம் சேர்ந்தால்தான் புகையிலையிலிருந்து நிகோடின் விடுபட்டு, வாயின் உள்தோல் வழியாக நேரே ரத்தத்துக்குள் இறங்கும். பிறகு நான் மாறின, பாக்கும் புகையிலையும் சேர்ந்து பாக்கெட்டில் வருகிற குட்கா மாதிரிச் சரக்கில் இந்தக் காரத்தை முன்னாலேயே கலந்துவிடுகிறார்கள். "உள்ளே கண்ணாடித் தூள் போடுறான், அது கன்னத்தைக் கீறி நிகோடினை ஏத்துது" என்று எங்கள் பக்கத்தில் ஒரு கதை உண்டு. கேட்பதற்குப் பயமாக இருக்கும், ஆனால் அது தேவையே இல்லை. அந்தக் காரமும் பாக்குமே தோலை அரித்துவிடப் போதும்.

ரெண்டு மாதத்தில் காலையில் பல் தேய்த்து முடித்ததும் கை தானாகப் பையைத் தேடியது. வளர்ந்துகொண்டிருக்கிற மூளை இப்படித்தான் சீக்கிரம் மாட்டும். மனுஷ மூளை இருபத்தைந்து வயது வரைக்கும் முழுசாக முதிர்வதில்லை. யோசித்து நிறுத்துகிற பகுதிதான் கடைசியில் முதிர்கிறது. பதினாறு வயதில் பழகினவனுக்கு நாற்பதில் பழகினவனைவிடப் பிடி இறுக்கமாக விழும். எனக்கு அப்போது இதெல்லாம் தெரிந்திருந்தாலும் நிறுத்தியிருப்பேனா என்று கேட்டால், மாட்டேன் என்றுதான் சொல்லுவேன்.

2013 மே மாதம் தமிழ்நாட்டில் குட்காவையும் புகையிலை கலந்த பான் மசாலாவையும் தடை செய்தார்கள். அதற்கு முன்பு கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும். ஷாம்பு பாக்கெட் சரம், பக்கத்தில் இது. தடை வந்ததும் சரம் இறங்கி, கல்லாவுக்குக் கீழே ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போனது. விலை ரெண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆனது. பேர் சொல்லிக் கேட்கக் கூடாது. "அண்ணாச்சி, அது?" என்றால் போதும். பிராண்டு பேரை நானும் இங்கே எழுதவில்லை. சும்மா கிடக்கிறவனுக்கு விளம்பரம் எதற்கு?

நான் படிப்பை முடித்துவிட்டுப் பாளையங்கோட்டையில் ஒரு மொபைல் ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். இங்கேதான் அந்தப் பழக்கத்தின் முழு வசதியும் எனக்குப் புரிந்தது. சிகரெட் பிடிக்கிறவன் எழுந்து வெளியே போக வேண்டும், தீப்பெட்டி வேண்டும், முதலாளி பார்ப்பார். இதற்கு எதுவும் வேண்டாம். ரெண்டு கையும் சால்டரிங்கில் இருக்கும், கன்னம் தன் பாட்டுக்கு ஊறிக்கொண்டிருக்கும். நானே என்னை "ஸ்மோக் பண்ணாத பையன்" என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், பொண்ணு வீட்டாரிடம் தைரியமாகச் சொல்லலாம் என்றுகூட. ஒரு நாளைக்கு அறுபது ரூபாய் போனது. அம்மா ஆயிரம் பீடி சுத்தினால் கிடைக்கிற கூலியில் கால் பங்குக்கும் மேலே. இந்தக் கணக்கை நான் அப்போது போடவே இல்லை.

2018-ல் ஒரு ராத்திரி, ரோட்டோரக் கடையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றினேன். முதல் வாய் வைத்ததும் கன்னத்துக்குள் நெருப்பு பட்ட மாதிரி இருந்தது. மாஸ்டரிடம் "என்னண்ணே, காரத்த அள்ளிப் போட்டுட்டியளா?" என்று கேட்டேன். பக்கத்து டேபிளில் ஒரு சின்னப் பிள்ளை அதே சால்னாவை நக்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். வாய்ப்புண் என்று நினைத்துக்கொண்டேன். மெடிக்கல் ஷாப்பில் ஜெல் வாங்கினேன். ஒரு கிளினிக்கில் பி-காம்ப்ளக்ஸ் எழுதித் தந்தார்கள். வாயைத் திறந்து பார்க்கவில்லை, புகையிலை உண்டா என்று கேட்கவும் இல்லை. நானும் சொல்லவில்லை. அப்படியே ஆறு மாதம் தயிர்சாதத்தில் ஓடியது. அம்மாவுக்குச் சந்தோஷம்: "பய இப்பத்தான் குளிர்ச்சியா சாப்பிடுதான்."

வலி இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எல்லோரும் வலிக்காகக் காத்திருக்கிறார்கள். வலி வரட்டும், அப்போது பார்க்கலாம் என்று. எனக்கு வலிக்கவே இல்லை. வாய் மட்டும், சாயங்காலம் கடைச் ஷட்டரை இழுத்து இறக்குகிற மாதிரி, ஒவ்வொரு விரற்கடையாகக் கீழே வந்துகொண்டிருந்தது.

தெரிய வந்தது ஒரு பலூனால். அக்கா மகனுக்கு எட்டாவது பிறந்தநாள். "மாமா, ஊதுங்க" என்று ஒரு கைப்பிடி பலூனை நீட்டினான். ஊதினேன். கன்னம் உப்பவில்லை. காற்று உதட்டோரமாகப் புஸ்ஸென்று போனது. மறுபடி ஊதினேன், மறுபடி புஸ். அவன் சிரிக்கிறான், விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்து. நான் குளியலறைக் கண்ணாடியில் போய் நின்று வாயைத் திறந்தேன். அவ்வளவுதான் திறந்தது. உள்ளே கன்னம் சிவப்பாக இல்லை. சலவைக்கல் மாதிரி வெளுத்துப்போய், விரலை விட்டுத் தடவினால் கயிறு கயிறாக ஏதோ தட்டுப்பட்டது. விசிலடித்துப் பார்த்தேன். ஆனித் தேருக்கு ரத வீதியில் நின்று விசிலடித்தவன் நான். வரவில்லை.

ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் பல் பிரிவுக்குப் போனேன். அந்த டாக்டரம்மா முதலில் கேட்டது என் பேரைக்கூட இல்லை.

"உங்க மூணு விரலைச் சேர்த்து, நெட்டுக்குத்தா வாய்க்குள்ள விடுங்க தம்பி."

ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். என் விரல், என் வாய். ரெண்டு விரல்தான் போனது. அதுவும் இடித்தது. ஒரு ஸ்கேல் வைத்து மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே அளந்தார்: 24 மில்லிமீட்டர். சாதாரணமாக 35-க்கு மேலே திறக்க வேண்டும். "எத்தனை வருஷமா போடுறீங்க?" என்றார். போடுகிறீர்களா என்று கேட்கவில்லை பாருங்கள்.

வாயின் உள்தோலுக்கு அடியில் நார் படர்ந்து இறுகிப்போகிற நோய். ஓரல் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்று சீட்டில் எழுதினார். இதற்கு முக்கியக் காரணம் பாக்கு. பாக்கில் இருக்கிற அரிகோலின் என்ற சரக்கு, நார் உண்டாக்குகிற செல்களைத் தூண்டிவிடுகிறது. உண்டான நாரை உடம்பு திரும்பக் கரைக்கவும் முடியாமல் செய்கிறது. கூடவே புகையிலை சேரும்போது புற்றுநோய்க்கு வழி அகலமாகிறது. எனக்கு இது பெரிய அதிர்ச்சி. புகையிலைதான் விஷம், பாக்கு நம்ம தாம்பூலம் என்றல்லவா நினைத்திருந்தேன்? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, பாக்கையே தனியாக, புகையிலை இல்லாமலே, புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-ல் வகைப்படுத்திவிட்டது. புகையற்ற புகையிலையும் அதே முதல் பட்டியலில்தான் இருக்கிறது: வாய், உணவுக்குழாய், கணையம் என்று மூன்று இடங்களுக்கு. எச்சிலை விழுங்கினால் துப்புகிற அசிங்கம் மிச்சம் என்று நாங்கள் விழுங்குவோமே, அது போகிற பாதைதான் அது.

கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்த இடத்தில் மரத்துப்போக ஊசி போட்டுத் துளியளவு சதை எடுத்தார்கள். முடிவு வர ஒரு வாரம். "இது கேன்சரா?" என்று கேட்டேன். இல்லை, ஆனால் ஆகலாம் என்றார். எர்ணாகுளத்தில் இதே நோய் உள்ள 66 பேரைப் பதினேழு வருஷம் விடாமல் கவனித்த ஓர் ஆய்வு 1985-ல் வந்ததாம். அதில் ஐந்து பேருக்குப் புற்றுநோய் ஆனது. அறுபத்தாறில் ஐந்து. பஸ்ஸில் ஊருக்குத் திரும்பும்போது உட்கார்ந்திருந்தவர்கள், நின்றவர்கள் எல்லோரையும் எண்ணிப் பார்த்தேன். ஏறத்தாழ அறுபது பேர் இருந்தோம். அந்த ஐந்து பேர் யார் யார் என்று ஊர் வருகிற வரைக்கும் ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

என் சீட்டு நல்லபடியாக வந்தது. ஆனால் அந்த வாரத்தில் வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனை மறக்க முடியவில்லை. என்னைவிட ரெண்டு மூன்று வயது கூடுதலாக இருக்கலாம். ஒரு பக்கத் தாடை எடுக்கப்பட்டிருந்தது. மூக்கில் குழாய். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. பேச வேண்டியதை அதில் எழுதிக் காட்டுவான். அவன் அம்மா எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள், அவனுக்கோ அவசரம். அந்த அவசரத்தில் நோட்டைப் பிடுங்கி மறுபடி பெரிய எழுத்தில் எழுதுவான். நான் பார்த்தபோது அதில் இருந்தது "காபி வேண்டாம், சூடு" என்ற மூன்று வார்த்தைதான்.

இனி விட்ட கதை. ஒரே மூச்சில் விடவில்லை.

முதல் தடவை சத்தியம். ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் முங்கி எழுந்து, பாக்கெட்டை ஆற்றங்கரைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். ஒன்பது நாள் தாங்கியது. பத்தாவது நாள் கடையில் ஒரு வாடிக்கையாளர் கத்திவிட்டுப் போனார், நான் நேரே அண்ணாச்சி கடைக்குப் போனேன். சத்தியத்தில் தப்பில்லை. சத்தியத்துக்குப் பிறகு என்ன செய்வது என்று நான் யோசிக்கவில்லை, அதுதான் தப்பு.

ரெண்டாவது தடவை 1800-11-2356 என்ற எண்ணுக்குப் பேசினேன். கட்டணம் இல்லாத தேசிய எண், புகையிலைப் பாக்கெட்டிலேயே அச்சடித்திருப்பார்கள். கிழித்துப் போட்ட பாக்கெட்டில் அந்த எண்ணை நான் ஒரு நாளும் வாசித்ததில்லை. பேசினவர் திட்டவில்லை, பயமுறுத்தவில்லை. "எந்தெந்த நேரத்துல போடுறீங்கன்னு மூணு நாள் எழுதுங்க" என்றார். எழுதினேன். பதினொன்று தடவையில் நாலு தடவைதான் உண்மையான வெறி. மற்றதெல்லாம் இடம்: டீ குடித்த உடனே, பஸ்ஸில் ஜன்னலோர சீட், சாப்பிட்டுக் கைகழுவின இடம், கக்கூஸ். இடத்தை மாற்றினால் பாதி போகும் என்று அப்போதுதான் புரிந்தது. டீயை நிறுத்திச் சுக்குக் காபிக்கு மாறினேன். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். சிரிக்காதீர்கள், வேலை செய்தது.

வெறி வரும்போது அது நிரந்தரம் மாதிரி இருக்கும். கடிகாரம் பார்த்தால் ஐந்து நிமிஷம், மிஞ்சினால் பத்து. அதுவரைக்கும் ஒரு செம்புத் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிப்பேன், ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி மறுபடி மாட்டுவேன். முதல் மூன்று நாள்தான் கொடுமை. தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை. அம்மாவிடம் உப்புக்கு ஒரு சண்டை, புளிக்கு ஒரு சண்டை. மூன்று நாலு வாரத்தில் அடங்கியது. நிகோடின் சூயிங்கம் எனக்குச் சரிப்படவில்லை, மெல்லுகிற அளவுக்கு என் வாய் திறந்தால்தானே? டாக்டர் தோலில் ஒட்டுகிற பட்டையைக் கொடுத்தார். சூயிங்கம் வாங்குகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அது மிட்டாய் மாதிரி மென்று தள்ளுவதற்கு இல்லை. மெதுவாகச் சில தடவை மென்று, சுருக்கென்று காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கிவிட வேண்டும். காரம் போனதும் மறுபடி. டீ, ஜூஸ் குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் பலனில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

இடையில் ஒரு குறுக்குவழியில் விழுந்தேன். "புகையிலை இல்லை" என்று பெரிதாக எழுதின வாசனைப் பாக்கு. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில் தேங்காயோடு போட்டுக் கொடுப்பார்களே, இனிப்பாக, சின்னப் பிள்ளைகள் முதலில் எடுத்துக் கிழிப்பது. டாக்டரம்மா ஒரே பார்வையில் கண்டுபிடித்தார்: "நெருப்பை விட்டுட்டுக் கொள்ளிக்கட்டையைப் பிடிச்சிருக்கீங்க." அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் தாம்பூலப் பையைத் திறந்து அந்தப் பாக்கெட்டை எடுத்துவிடுவதே எனக்கு வேலை. பெரியம்மாமார் முகம் சுளிக்கிறார்கள். எங்கள் ஆச்சி எண்பது வயது வரைக்கும் வெத்தலை, பாக்கு, போயிலை போட்டாளே, ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். ஆச்சி தப்பித்தாள், அவ்வளவுதான். தப்பிக்காதவர்களை நான் பெஞ்சில் பார்த்திருக்கிறேன்.

வைத்தியம் என்றால் கன்னத்துக்குள் வாரம் ஒரு ஊசி, மாத்திரை, கூடவே ஐஸ்கிரீம் குச்சி. குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து, ஒரு நிமிஷம் பிடித்து, நடுவே இன்னொரு குச்சியைச் சொருக வேண்டும். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. பன்னிரண்டு குச்சியில் ஆரம்பித்தேன். பதின்மூன்றாவது குச்சி உள்ளே போக ஏழு வாரம் ஆனது. கண்ணில் தண்ணீர் வரும். அம்மா எதிரே உட்கார்ந்து பீடி சுத்திக்கொண்டே எண்ணுவாள். ஒரு நாள் சொளவை இறக்கி வைத்துவிட்டு, "நான் சுத்துன தூளுதாம்ல ஒன் வாயில ஏறிட்டு" என்று அழுதாள். இல்லைம்மா, அது வேறே, இது வேறே என்றேன். முழுக்க வேறே என்று சொல்லவும் மனசு வரவில்லை. நாள் முழுக்கத் தூளைத் தொடுகிற கையின் தோல் வழியாகவே நிகோடின் உள்ளே போகும். அம்மாவுக்குத் தலைவலி வராத சாயங்காலத்தை நான் பார்த்ததில்லை. சாப்பிடுமுன் சோப்பு போட்டு மூன்று தடவை கைகழுவ வைத்திருக்கிறேன். அதற்கு மேல் என்ன செய்ய? அந்தக் கூலியில்தான் நான் படித்தேன்.

இன்றைக்கு என் கணக்கு பதினாறு குச்சி. மில்லிமீட்டரில் 32. ரெண்டரை விரல். இதற்கு மேல் திறக்காது. இறுகின நார் பழையபடி இளகாது என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். விட்டால் நோய் நகர்வது குறையும், போனது திரும்பி வராது. அல்வாவுக்கு வாயைப் பெரிதாகத் திறக்க வேண்டியதில்லை என்பது திருநெல்வேலிக்காரனுக்குக் கடவுள் கொடுத்த சலுகை. ஆப்பிளைக் கடிக்க முடியாது. கொட்டாவி பாதியில் நிற்கும்.

போன வருஷம் அக்கா போன் பண்ணினாள், அழுகை. அதே பலூன் பயல், இப்போது பத்தாம் வகுப்பு. பேண்ட்டைத் துவைக்கப் போட்டபோது பையில் ஒரு வெள்ளைப் பொட்டணம். தேயிலைப் பை மாதிரி, நகத்தளவு. "இது என்ன தம்பி, புதினா வாசம் அடிக்கி?" என்றாள். எனக்குக் கை நடுங்கியது. உள்ளே இருந்தது புகையிலை. என் காலத்தில் தேய்க்கணும், தட்டணும், துப்பணும். இப்போது அதெல்லாம் வேண்டாம். உதட்டுக்குள் வைத்துக்கொண்டு வகுப்பிலேயே உட்காரலாம், டீச்சரிடம் பதிலும் சொல்லலாம். அத்தான் அதற்குள் பெல்ட்டைக் கழற்றியிருந்தார். அடித்து முடித்துத்தான் எனக்குப் போனே வந்தது.

நான் போய்ச் செய்த முதல் காரியம் தப்பு. செல்லில் வாய்ப் புற்றுநோய்ப் படங்களைக் காட்டினேன். அவன் ரொம்ப சாதாரணமாகச் சொன்னான்: "இந்தப் படமெல்லாம் பாக்கெட்லயே இருக்கு மாமா." உண்மைதான். 2016 ஏப்ரலிலிருந்து பாக்கெட்டில் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம்தான். தினமும் பார்த்துப் பார்த்து அவனுக்கு அது லேபிள் டிசைன் ஆகிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் பைக்கில் குறுக்குத்துறைக்குக் கூட்டிப் போனேன். படித்துறையில் உட்கார்ந்தோம். ஆற்றில் தண்ணீர் குறைவு, பாறையெல்லாம் தெரிந்தது.

"ஏல, நான் ஒன்ன அடிக்க வரல. ஒரு நாளைக்கு எத்தன?"

ரொம்ப நேரம் கழித்து, "மூணு" என்றான். பிறகு, "நாலு."

"யாரு மொதல்ல தந்தா?"

"பேரச் சொல்ல மாட்டேன் மாமா."

"சொல்லாண்டாம். காலைல எந்திச்ச ஒடனே தேடுதா?"

அதற்குத் தலையை ஆட்டினான். அந்தக் கேள்விக்கு வருகிற பதிலையும் வைத்துத்தான் பழக்கமா அடிமையா என்று டாக்டர்களும் பார்க்கிறார்கள். பையிலிருந்து என் குச்சிக் கட்டை எடுத்து, அவன் முன்னால் ஒவ்வொன்றாக வாயில் அடுக்கினேன். அவன் எண்ணினான். பதினாறில் நின்றது. "நீ வையி" என்றேன். புதுக் குச்சிகளை வைத்தான். இருபத்திரண்டு போனது, இன்னும் இடம் இருந்தது. என் வாயையும் கையில் இருந்த கட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மாமா, அப்ப நீங்க பரோட்டாவ எப்படித் திங்கிய?"

"சின்னச் சின்னதாப் பிச்சு."

"சால்னா?"

"ஊத்த மாட்டேன்."

இதற்குத்தான் அவன் முகம் மாறியது. புற்றுநோய்க்கு மாறவில்லை. பதினைந்து வயதுக்காரனுக்குச் சாவு ரொம்பத் தூரத்து ஊர், சால்னா நாளைக்கு ராத்திரி.

அவனோடு அவன் உதட்டைப் புரட்டிப் பார்த்தோம். பொட்டணம் வைக்கிற இடத்தில் ஈறு வெளுத்துச் சுருங்கியிருந்தது. அந்த மாதிரி வெளுப்பு ஆரம்பத்திலேயே நிறுத்தினால் பெரும்பாலும் மறைந்துவிடும், ரெண்டு வாரத்தைத் தாண்டியும் இருந்தால் காட்டியே ஆக வேண்டும். கூட்டிப் போய்க் காட்டினோம். இப்போது மறைந்துவிட்டது. அவன் நடுவில் ஒரு தடவை சறுக்கினான், பள்ளிக்கூட டூரில். அவனே போன் பண்ணிச் சொன்னான். அத்தானிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: அவன் உண்மையைச் சொல்லுகிற நாளில் பெல்ட்டை எடுக்காதீர்கள், எடுத்தால் அடுத்த தடவை நமக்குச் சொல்ல மாட்டான்.

சந்தேகம் உள்ள அப்பா அம்மாவுக்கு ஒன்று. சட்டையை மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கிற காலம் போய்விட்டது. தட்டைப் பாருங்கள். திடீரென்று காரம் வேண்டாம் என்கிறானா, தயிர் கேட்கிறானா, பெரிய உருண்டையைப் பாதியாக்கிச் சாப்பிடுகிறானா என்று பாருங்கள். வாயில் எப்போதும் ஏலக்காயோ புதினா மிட்டாயோ இருந்தால் பாருங்கள். மாதம் ஒரு தடவை வீட்டில் எல்லோரும், பெரியவர்களும் சேர்ந்து, மூன்று விரல் வைத்துப் பார்ப்பதில் என்ன வெட்கம்?

கடைக்காரர் விஷயமும் உண்டு. பள்ளிக்கூடத்திலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை எதையும் விற்கக் கூடாது, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவனுக்கு எங்கேயும் விற்கக் கூடாது. இது 2003 சட்டம். சின்னப் பிள்ளைக்குப் புகையிலை கொடுத்தால் ஏழு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம் என்று 2015-ன் இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. நாங்கள் நாலு வீட்டுப் பெற்றோராக ஒரு சாயங்காலம் அந்த அண்ணாச்சியிடம் போய்ச் சத்தம் போடாமல் இதைச் சொன்னோம். "ஏவாரம் படுத்துரும்யா" என்றார். "ஒங்க பேரனும் இந்தப் பள்ளிக்கூடத்துலதான படிக்கான் அண்ணாச்சி" என்றாள் அக்கா. டப்பா போய்விட்டது. அடுத்த தெருவுக்குப் போயிருக்கலாம், எனக்கு அந்தச் சந்தேகம் இருக்கிறது.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நான் இன்னும் ஐகிரவுண்டுக்குப் போய் வாயைத் திறந்து காட்டிவிட்டு வருகிறேன். விட்டு ஆறு வருஷம் ஆனாலும் அந்த அறுபத்தாறு பேர் கணக்கில் நானும் இருக்கிறேன் இல்லையா. அடுத்த தடவை தை மாதம். மருமகப்பிள்ளையும் வருகிறேன் என்றிருக்கிறான். என் வாய்மேல் அக்கறை என்று நினைத்துவிடாதீர்கள். திரும்புகிற வழியில் டவுனில் இறங்கி அல்வா வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.